சீண்டல், மிரட்டல், ஒதுக்கி வைத்தல்: ஜூன் முதல் பள்ளியில் என்ன செய்யலாம்?

ஏலமலை

வணக்கம். பீர்மேடு தாலுகாவில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் சேர்ந்த ஹைஸ்கூல் ஒன்றில் (5 முதல் 10 வரை) வாழ்க்கைத்திறன் வகுப்பும் சீண்டல் தடுப்பும் ஜூனில் தொடங்க பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) முடிவெடுத்திருக்கிறது. பெரிய பணம் கிடையாது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் எஸ்டேட் லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஜீப்பில் வருகிறவர்கள். இதுவரை நடந்ததெல்லாம் அசெம்பிளியில் ஒரு பேச்சு, ஒரு உறுதிமொழி, ஒரு போஸ்டர் போட்டி. அடுத்த வாரமே எல்லாம் பழையபடி.

வகுப்பை யார் எடுப்பது? என்ன எடுப்பது? ஒரு புகார் வந்தால் அன்றைக்கே என்ன செய்வது? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். கமிட்டியில் அப்படியே வாசிக்கப் போகிறேன்.

மலைக்கவுன்சிலர்

கடைசிக் கேள்வியை முதலில் எடுங்கள். வகுப்பு ஜூலையில் தொடங்கினாலும் பரவாயில்லை. புகார் வந்தால் என்ன செய்வது என்பது பள்ளி திறக்கும் நாளன்றே எல்லா ஆசிரியருக்கும், ஆபீஸ் ஆட்களுக்கும், சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை துணிந்து சொல்லி, அதனாலேயே அதற்கு மறுபடி அடி விழுந்தால் அந்தச் செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். அப்புறம் எத்தனை வகுப்பு எடுத்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சண்டையையும் சீண்டலையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. நார்வேயில் இந்த ஆய்வைத் தொடங்கிவைத்த டான் ஓல்வியூஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் செய்வது. மூன்றாவதுதான் நம் ஆசிரியர்கள் அதிகம் தவறவிடுவது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. மலையாளம் சரளமாக வராத பிள்ளை, வருஷ நடுவில் சேர்ந்த பிள்ளை, கறுப்பான பிள்ளை, அப்பாவுக்குக் கடன் கொடுத்தவரின் மகனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளை, எல்லோரும் பலம் குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

புகார் வந்த அன்று செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். "நீ என்ன செஞ்சே, சும்மா இருந்தவனையா அடிப்பான்?" என்ற கேள்வி வாயிலேயே வரக் கூடாது. எங்கே, எப்போது, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், இதற்கு முன் எத்தனை தடவை. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, செய்தவர்களை ஒவ்வொருவராக, ஒருவர் வெளியே போனதும் அடுத்தவர் உள்ளே வரும்படி கூப்பிடுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் கதை ஒத்துப்போய்விடும். "யார் சொன்னா?" என்று கேட்பார்கள். "பல பேர் பார்த்திருக்காங்க, எனக்கே தெரியும்" என்பதோடு நிறுத்துங்கள். நீண்ட உபதேசம் வேண்டாம். இது நடந்தது, இது நிற்க வேண்டும், நாளையிலிருந்து நீ என்ன செய்வாய் என்பதை அவன் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கவைக்காதீர்கள். நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். பயந்துபோன பிள்ளை அந்த அறையில் "ஒண்ணுமில்ல சார், விளையாட்டுக்குத்தான்" என்று சொல்லிவிடும். அதை வைத்துப் பள்ளிக்கூடம் விஷயத்தை மூடிவிடும். அன்று சாயங்காலம் ஜீப்பில் அதற்கான கணக்கு தீர்க்கப்படும்.

இடம் மாற்ற வேண்டியிருந்தால் செய்தவரை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை வேறு டிவிஷனுக்கு அனுப்புவது அதற்குக் கொடுக்கும் தண்டனை.

கடைசியாக, திரும்பப் பார்ப்பது. 2 நாள் கழித்து, 2 வாரம் கழித்து, 1 மாதம் கழித்து அதே ஆசிரியர் அதே பிள்ளையிடம் 5 நிமிஷம் பேச வேண்டும். தேதியைப் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதாவிட்டால் இது நடக்காது, பரீட்சையும் கலோற்சவமும் விழுங்கிவிடும். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்திலும் இந்தத் தொடர் சந்திப்பு கட்டாயம். அதில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. வகுப்பில் மதிப்புள்ள, மனசு உள்ள 2 முதல் 4 பிள்ளைகளை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "இவன் தனியா இருக்கான், நீங்க என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார். பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும்: சாப்பிடும்போது கூட உட்காருவது, ஜீப்பில் பக்கத்தில் இடம் பிடிப்பது.

சித்தூர் மாஷ்

கவுன்சிலர் டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் புகார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கே நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் கேட்டால் போதும்.

ஏ4 தாளில் பள்ளியின் வரைபடத்தைக் கையால் வரைந்து நகலெடுங்கள். கேட், கிணற்றடி, குழாய், கழிப்பறை, சாப்பாட்டு வரிசை, மைதானத்தின் பின்பக்கம், மாடிப்படி, ஜீப் நிற்கும் இடம் எல்லாம் வர வேண்டும். தாளின் ஓரத்தில் வீட்டுவழிக்கும் ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு தாள், பயமாக இருக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி, நிம்மதியான இடத்தில் பச்சைப் புள்ளி. பெயர் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை உண்மை வராது. 15 நிமிஷம் போதும். ஆணும் பெண்ணும் தனித்தனிக் கட்டாக வாங்குங்கள். சிவப்பு விழும் இடங்கள் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும்.

கட்டுகளைச் சேர்த்துப் பெரிய படம் ஒன்று போட்டால் ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்பது கண்ணெதிரே வந்துவிடும். வழக்கமாக வராந்தாவில் ஒரே தூண் ஓரத்தில் நிற்கிறோம். சிவப்போ கழிப்பறைப் பக்கத்தில் இருக்கும். இடைவேளைக்கு இரண்டு பேர், நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். காலையில் பெல்லுக்கு முன் 20 நிமிஷமும் மாலையில் கடைசி ஜீப் கிளம்பும்வரையும் ஒருவர். ட்யூட்டிப் பட்டியலை எஸ்ஆர்ஜி கூட்டத்தில் (பள்ளி ஆசிரியர் கூட்டம்) போட்டு எச்எம் கையெழுத்தோடு ஒட்டுங்கள். வாயால் பேசிவைத்தால் மழை தொடங்கிய வாரத்தில் நின்றுபோகும். இடுக்கி மழைக்காலத்தில் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே இடைவேளையைக் கழிப்பார்கள், அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

டோஃபி, ஃபாரிங்டன் இருவரும் உலகம் முழுக்க நடந்த திட்டங்களைத் தொகுத்து 2011ல் எழுதிய ஆய்வில், சீண்டல் தடுப்புத் திட்டம் உள்ள பள்ளிகளில் சராசரியாகச் சீண்டுவது 20 முதல் 23 சதவீதம் வரையும், சீண்டப்படுவது 17 முதல் 20 சதவீதம் வரையும் குறைந்ததாகக் கண்டார்கள். பலனோடு சேர்ந்து வந்த அம்சங்களில் விளையாட்டு இடத்துக் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டமும் முக்கியமானவை. இரண்டுக்கும் பணம் தேவையில்லை.

பள்ளிப்பட்டு டீச்சர்

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். உங்கள் மலைக்கும் எங்கள் பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு யோசனை: ஒவ்வொரு வகுப்பிலும் 2 மாணவ நடுவர்களை வைத்து, சின்னப் பிரச்சினைகளை அவர்களே பேசித் தீர்க்கும்படி விட்டால் ஆசிரியர் சுமை குறையுமே. கேரளத்தில் 2010 முதல் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் என்ற மாணவர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளையே கண்காணிக்கச் சொல்லலாமே?

மலைக்கவுன்சிலர்

வேண்டாம் டீச்சர், இதில் நான் உறுதியாக மறுக்கிறேன். பேனா காணோம், பந்து யாருக்கு என்பது போன்ற சமபலச் சண்டைக்கு மாணவ நடுவர் பொருந்தும். ஒருவர் ஒருவரை அமுக்குகிற இடத்தில் நடுவர் என்றாலே "உன் பக்கத்திலும் பாதித் தப்பு இருக்கு" என்று சொல்வதாகிவிடும். மாஷ் குறிப்பிட்ட அதே 2011 ஆய்வில், பிள்ளைகளையே மத்தியஸ்தர்களாகவும் வழிகாட்டிகளாகவும் நிறுத்திய அம்சம் சீண்டப்படுவது கூடுவதோடு சேர்ந்து வந்தது. நடுவராக நின்ற பிள்ளைக்கும் ஆபத்து, அவனும் அதே ஜீப்பில்தான் வீட்டுக்குப் போகிறான்.

கேடட்களுக்கு நான் எதிரி இல்லை. யூனிஃபார்மும் அதிகாரமும் கொடுத்து மற்றப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் புதிதாக ஒரு பலசாலிக் கூட்டத்தை நாமே உண்டாக்குகிறோம் என்பதுதான் பயம். அவர்களைப் பார்வையாளர் (சீண்டலைச் சுற்றி நின்று பார்ப்பவர்) பயிற்சிக்கு முன்மாதிரியாக வையுங்கள், காவலுக்கு வேண்டாம்.

இந்தப் பார்வையாளர் விஷயம்தான் எல்லாவற்றுக்கும் நடு. கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் மூவரும் பள்ளி மைதானத்தை ஒளிப்பதிவு செய்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். குறுக்கிட்டதோ 19 சதவீதத்தில் மட்டும். குறுக்கிட்ட தடவைகளில் பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 விநாடிக்குள் நின்றுபோனது. அடிக்கிறவனைத் திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சுற்றி நின்று சிரிக்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட் போதும்.

ஏலமலை

அந்த ஒரு பீரியட் எப்படி இருக்கும் என்று எழுத முடியுமா டீச்சர்? "உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

மலைக்கவுன்சிலர்

சரி, 40 நிமிஷப் பீரியடாக எழுதுகிறேன். நான்கு காரியம் கற்றுக்கொடுங்கள், தைரியத்துக்கு ஏற்ப ஏதாவது ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைவரும்.

ஒன்று, சிரிக்காமல் அந்த இடத்தை விட்டு நகர்வது. வேடிக்கை பார்க்க ஆளில்லாவிட்டால் ஆட்டம் சுருங்கும். இரண்டு, பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவது: "வாடா, சாப்பாட்டு மணி அடிச்சாச்சு", "டீச்சர் உன்ன தேடுறாங்க". அடிக்கிறவனிடம் பேசவே தேவையில்லை. மூன்று, இரண்டு பேராகச் சேர்ந்து "போதும், விடு" என்று சொல்வது. தனியாகச் சொல்லச் சொல்லாதீர்கள், திருப்பி அடிக்கவும் சொல்லாதீர்கள். நான்கு, பெரியவரிடம் பிறகு போய்ச் சொல்வது. கோள் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள், ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் உதவி.

நேரம்: முதல் 5 நிமிஷம் பேச்சு. அடுத்த 5 நிமிஷம் ஆசிரியரும் இன்னொரு பெரியவரும் செய்துகாட்டுவது. 15 நிமிஷம் மும்மூன்று பேராகப் பயிற்சி: ஒருவர் கூப்பிடுபவர், ஒருவர் கூடப் போகிறவர், ஒருவர் கவனிப்பவர், சுழற்சியாக. 45 பேர் வகுப்பில் 15 குழு வரும், அறை போதாது, வராந்தாவுக்கு விடுங்கள். 10 நிமிஷம் இரண்டு மூன்று குழுக்கள் எல்லோர் முன்னும் செய்துகாட்டுவது. மீதி 5 நிமிஷத்தில் தனக்குச் சொல்ல வரும் ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதுவது. அவரவர் வீட்டுப் பேச்சில் எழுதட்டும், பாடப்புத்தகத் தமிழ் ஆபத்து நேரத்தில் வாயில் வராது.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்கிறேன். நிஜத்தில் சீண்டப்படுகிற பிள்ளையைச் சீண்டப்படுபவராக நடிக்கவைப்பது கொடுமை, தெரியாமல் நடந்துவிடும், முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் பெயர் கேட்டுக்கொள்ளுங்கள். சீண்டுபவர் வேடத்தை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், ஆசிரியர் எடுத்துக்கொள்ளட்டும். கொடுத்தால் புதுப் புது வசவுகளைப் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்வார்கள். நாடகம் 2 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் வேடம் போட்டவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லி இடத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேடப்பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

மற்ற வகுப்புகள் இந்த அளவு விரிவு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த 10 வாழ்க்கைத்திறன்களைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்யவைக்கிறார்கள், அதில் ஒரு பயனும் இல்லை. ஜூன் முதல் ஜனவரி வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஓணம், கிறிஸ்துமஸ் பரீட்சை போக 12 வகுப்பு தேறும். முதல் மூன்றில் கோபம், பயம், வெட்கம் உடம்பில் எப்படித் தெரிகிறது, எப்படி அடக்குவது. அடுத்த இரண்டில் "வேண்டாம்" சொல்வதும் உதவி கேட்பதும். பார்வையாளருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று போதும், பழக்கமாக மூன்று வகுப்பு கட்டாயம். பட்டப்பெயர், சாதி, மொழி இரண்டு. கைபேசி ஒன்று, 8ஆம் வகுப்புக்கு மேல் இரண்டு. மீதி இருந்தால் மறுபயிற்சி.

சித்தூர் மாஷ்

யார் எடுப்பது என்ற கேள்வி விட்டுப்போச்சு. பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் 9ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த செஹர் ஆய்வு 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் நடத்தினார்கள், சில பள்ளிகளில் ஆசிரியர்களே. இளைஞர்கள் நடத்திய இடங்களில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, சீண்டலும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஆசிரியருக்கு மனசில்லை என்று இதை வாசிக்கக் கூடாது. கணக்கு எடுக்கிறவரிடமே இதையும் கொடுத்தால் போர்ஷன் முடிக்க இந்தப் பீரியடைத்தான் எடுப்பார். மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனசு விட்டுப் பேசவும் தயங்கும். 2020 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு 2 ஆசிரியர்களைத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொன்னார்கள். அந்த இருவர் உங்கள் பள்ளியில் யார் என்று கேளுங்கள். அவர்களோடு பள்ளிக் கவுன்சிலர், வெளியிலிருந்து படித்த ஒரு இளைஞர் அல்லது குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவிக் குழு) அக்கா ஒருவர் சேர்ந்து ஜோடியாக எடுப்பதுதான் நடக்கக்கூடியது. தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் பேசுகிறவர் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலையாளத்தில் நடத்திவிட்டு "எல்லாருக்கும் புரியும்" என்பார்கள். பாடம் புரியும், அழுகையை மலையாளத்தில் சொல்லத் தெரியாது.

தேயிலைக்காடு

பள்ளிக்குள்ளேயே பேசுகிறீர்கள். எங்க பக்கம் பாதி விஷயம் ஜீப்பிலயும் லயத்திலயும்தான் நடக்குது. 10 பேர் போற ஜீப்பில 18 பேர், பெரிய பசங்க ஜன்னல் ஓரம், சின்னதுங்க மடியில. டிரைவர் அண்ணன்மாரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுங்க. ரெண்டே காரியம் கேளுங்க: சின்னப் பிள்ளைங்க டிரைவர் பக்கத்து வரிசையில, வண்டிக்குள்ள பட்டப்பெயர் கேட்டா வண்டியை ஓரம் கட்டி நிறுத்துறது. சண்டை போட வேண்டாம், நிறுத்தினாலே போதும், எல்லாருக்கும் லேட்டாகும். பள்ளியில யார்கிட்ட சொல்லணும்னு ஒரு நம்பர் கொடுத்துடுங்க.

பெற்றோர் கூட்டம் வேலை நாள் பத்து மணிக்கு வச்சா கொழுந்து எடுக்கப் போன அம்மா எப்படி வருவா? ஒரு நாள் கூலி போகும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், லயத்திலயே, தமிழ்ல வையுங்க. அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பஸ்ரீ குழு) கூடுற நாளாப் பார்த்தா ஆளு தானா இருக்கும். பாலசபை (குடும்பஸ்ரீயோட பிள்ளைங்க குழு) நடக்குற வார்டுல பிள்ளைங்க தனியா கூடுறாங்க, அங்கயும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். கூட்டத்தில "உங்க பிள்ளை அடிக்கிறான்"னு பேர் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னா அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது, வீட்டில அந்தப் பையனுக்குப் பெல்ட் அடி விழும்.

வீட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியது அறிகுறி. பள்ளி நாள்ல மட்டும் வயித்துவலி, பேனா பென்சில் அடிக்கடி காணாமப் போறது, திடீர்னு ஜீப் வேண்டாம் நடந்தே போறேன்னு சொல்றது, கழிப்பறை போகாம வீடு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு வர்றது. கடைசி ஒண்ணை பெண் பிள்ளைங்ககிட்ட கட்டாயம் பாருங்க.

பள்ளிப்பட்டு டீச்சர்

மொழி விஷயத்தை யாராவது எடுப்பீர்கள் என்று பார்த்தேன். உங்கள் பக்கம் தமிழ்ப் பிள்ளையை "பாண்டி" என்பது, எங்கள் பக்கம் தெலுங்குப் பிள்ளையை "கொல்டி" என்பது, இரண்டும் ஒரே நோய். உச்சரிப்பைப் பழித்துக்காட்டுவதும் இதில் சேரும். பெரியவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிற சொல் என்பதால் பிள்ளைகள் இதைத் தப்பு என்றே நினைப்பதில்லை. ஆகவே விதி முதலில் ஸ்டாஃப் ரூமுக்கு: எந்தப் பிள்ளையையும் மொழி, சாதி, நிறம், உடம்பு, லயம் இவற்றை வைத்துக் கூப்பிடுவதில்லை, செல்லமாகக்கூட இல்லை.

வகுப்பில் அந்தச் சொல் கேட்டால் பாடத்தை நிறுத்தி ஒரே வரி: "இந்த வகுப்பில் அந்தச் சொல் இல்லை. அவன் பேர் என்ன?" பெயரைச் சொல்லவைத்து உடனே பாடத்துக்குத் திரும்புங்கள். 10 நிமிஷம் அறிவுரை சொன்னால் கூப்பிடப்பட்ட பிள்ளைக்குத்தான் அவமானம் நீளும். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு ஆசிரியரும் செய்ய வேண்டும். ஒருவர் விட்டால் அவர் பீரியடில் அது நடக்கும்.

சாதியை இதற்குள் மறைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு வைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் நிறக்கயிறு, சாதி அடையாள மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்க வேண்டும், மாணவரை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பவை அதில் உள்ள பரிந்துரைகள். இருக்கை வரிசையை நீங்கள் நாளைக்கே செய்யலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெஞ்ச் நகர்த்திக்கொண்டே போனால் "எங்க பெஞ்ச்" என்ற பிடிமானம் தளரும்.

கம்பம் வக்கீல்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக வைக்கிறேன், கமிட்டி இதைத் தவறவிடக் கூடாது.

கேரள ராகிங் தடைச் சட்டம் 1998ஆம் ஆண்டையது. கல்வி அளிக்கும் நிறுவனத்துக்கும் விடுதிக்கும் பொருந்தும். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் 7 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் மாணவரை இடைநீக்கம் செய்து போலீஸுக்கு அனுப்ப வேண்டும். விசாரிக்காமல் விட்டால் உடந்தையாகக் கருதப்படுவார். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால் 2015 சிறார் நீதிச் சட்டம்தான் வழிநடத்தும். கொடுங்குற்றம் தவிர மற்றவற்றுக்கு எஃப்ஐஆர் போடுவதில்லை, நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்புல அறிக்கையோடு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

பாலியல் சாயல் உள்ள எதுவும், தொடுதல், துணியை இழுத்தல், படம் எடுத்தல், படம் பரப்பல், பள்ளிக்குள் சமரசம் பேசும் விஷயமே இல்லை. 2012 போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்பு) சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் என்றால் 1 ஆண்டு வரை. ஆதாரம் என்று அந்தப் படத்தை ஆசிரியர் குழுவில் பகிர்ந்துவிடாதீர்கள், அதுவே குற்றம். போனை அணைத்து, உறையில் வைத்து, ஒப்படையுங்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் டிசி கொடுத்து வெளியேற்ற 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தரவில்லை. அடிப்பதையும் மனரீதியாக வதைப்பதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது, சீண்டிய பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உதவி எண்: 1098 இரண்டு மாநிலத்துக்கும். தமிழகப் பள்ளி என்றால் 14417. மனநலத்துக்கு 14416, தமிழிலும் பேசலாம்.

ஏலமலை

புகார்ப் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. கமிட்டியில் எல்லோரும் முதலில் கேட்டது அதுதான். தமிழ்நாட்டில் "மாணவர் மனசு" என்று பெட்டி இருக்கிறது.

சித்தூர் மாஷ்

எனக்குப் பெட்டியில் நம்பிக்கை குறைவு. எச்எம் அறை வாசலில் வைக்கிறார்கள். அதில் தாள் போடுகிறவனைப் பள்ளியே பார்க்கும். சாவி ஒருவரிடம், திறப்பது மாதம் ஒருமுறை. காலியாக இருப்பதைக் காட்டி "எங்க பள்ளியில பிரச்சினையே இல்லை" என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

மலைக்கவுன்சிலர்

பெட்டியை வைக்கும் விதம்தான் கோளாறு மாஷ். நீங்களே சொன்ன நாலந்தா திட்டத்திலும் பெட்டி ஒரு அங்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லாப் பிள்ளைக்கும் கால்தாள் கொடுங்கள். புகார் இருந்தால் புகார், இல்லாவிட்டால் அந்த வாரம் பிடித்த ஒரு விஷயம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கோடு. எல்லோரும் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அப்போது யார் எழுதினார் என்று தெரியாது. திறப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஒருவர் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். அன்றைக்கே திறக்க வேண்டும், திங்கள் வரை வைக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்தான வரி ஒன்று உள்ளே கிடக்கலாம். திங்கள் அசெம்பிளியில் ஆள் அடையாளம் இல்லாமல் "குழாயடியில் தள்ளுவதாகச் சொன்னீர்கள், இன்றுமுதல் அங்கே ஒரு ஆசிரியர் நிற்பார்" என்று பதில் சொல்லுங்கள். பதில் வராத பெட்டியில் மூன்றாவது வாரம் தாள் விழாது.

ஏலமலை

ஆசிரியரே சீண்டுகிறார் என்று தாள் வந்தால்? இன்னொன்று, சீண்டுகிற பிள்ளையைக் கண்டித்தால் மட்டும் போதுமா?

மலைக்கவுன்சிலர்

ஆசிரியர் பெயர் வந்தால் சக ஆசிரியர் விசாரிக்கக் கூடாது. எச்எம், பிடிஏவில் ஒரு பெற்றோர், பஞ்சாயத்து ஜாக்ரதா சமிதியில் (பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக் குழு) ஒருவர், மூவராகக் கேட்க வேண்டும். எச்எம் பெயரே வந்தால் நேராக வெளியே, 1098 அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

சீண்டுகிற பிள்ளைக்குக் கண்டிப்பும் வேண்டும், கூடவே ஆளும் வேண்டும். கெடுத்ததைச் சரிசெய்வது அதன் பொறுப்பு: கிழித்த நோட்டை எழுதிக்கொடுப்பது, பரப்பிய பொய்யை அதே குழுவில் மறுப்பது. இது பாதிக்கப்பட்ட பிள்ளை சம்மதித்தால் மட்டும். மூன்று வாரம் ஒரே பெரியவர் தினமும் 2 நிமிஷம் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசட்டும். வீட்டில் அடி, குடி, பட்டினி இருக்கிறதா என்று கவுன்சிலர் பார்க்க வேண்டும். அதையும் இதையும் சேர்த்து அனுபவிக்கிற பிள்ளைகள் உண்டு, ஒரு இடத்தில் சீண்டப்பட்டு இன்னொரு இடத்தில் சீண்டுகிறவர்கள். அவர்களைத்தான் எல்லோரும் கடைசியில் கவனிக்கிறோம். திருந்தட்டும் என்று கிளாஸ் லீடர் ஆக்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

சித்தூர் மாஷ்

அளவெடுப்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஜூன் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் ஒரே கேள்வித்தாள். "சீண்டினார்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், செயலைக் கேளுங்கள்: கடந்த 30 நாளில் அடித்தார்களா, பட்டப்பெயர் சொன்னார்களா, விளையாட்டில் சேர்க்காமல் விட்டார்களா, பொருளைப் பறித்தார்களா, போனில் கேலி செய்தார்களா. பதில் ஐந்து கட்டம்: இல்லை, ஒரு தடவை, மாதம் 2-3 தடவை, வாரம் ஒருமுறை, வாரம் பலமுறை. டிக் மட்டும். ஆசிரியர் சத்தமாக வாசிக்க, பிள்ளைகள் குறிக்கட்டும். ஓல்வியூஸ் கேள்வித்தாளில் மாதம் 2-3 தடவையும் அதற்கு மேலும்தான் கணக்கில் எடுப்பார்கள், நீங்களும் அப்படியே வையுங்கள்.

முதல் டெர்மில் புகார் எண்ணிக்கை ஏறும். கமிட்டியில் யாராவது "திட்டம் வந்த பிறகுதான் பிரச்சினை அதிகம்" என்பார்கள். புகார் ஏறி, கேள்வித்தாளில் குறைந்தால் பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள், யாரோ வாயை அடைத்திருக்கலாம், வரைபடத்தை மறுபடி எடுங்கள்.

தேயிலைக்காடு

பதிவேடு எச்எம் மேசையில மட்டும் இருந்தா அவர் டிரான்ஸ்ஃபர்ல போகும்போது அதுவும் காணாமப் போகும். பக்க எண் போட்ட நோட்டு, பெயருக்குப் பதில் அட்மிஷன் நம்பர், பூட்டின அலமாரி, சாவி கவுன்சிலர்கிட்ட ஒண்ணு எச்எம்கிட்ட ஒண்ணு. புது எச்எம் சார்ஜ் எடுக்கிற அன்னைக்கு இந்த நோட்டையும் சார்ஜ் லிஸ்ட்ல எழுதி வாங்கச் சொல்லுங்க.